ரயில் சத்தத்துக்கு எழும்பும் பிள்ளைக்குக் காது கேளாதா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 29. முதல் பிள்ளை, மகள், இப்போது ஏழு மாதம். 34 வாரத்தில் பிறந்தவள். பிறந்ததும் ஒன்பது நாள் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இருந்திருக்கிறாள். கிருமித்தொற்றுக்கு ஜென்டமைசின் ஊசி போட்டார்கள், மஞ்சளுக்கு லைட்டில் வைத்தார்கள். வீட்டுக்கு விடுவதற்கு முதல் நாள் காதில் சின்னக் குழாய் ஒன்றை வைத்துப் பார்த்தபோது வலது காது 'பாஸ்', இடது காது 'ரெஃபர்'. ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் கணவர் கட்டாருக்குத் திரும்பிவிட்டார், பிள்ளைக்குத் தடிமன் வந்தது, துண்டும் எங்கோ போய்விட்டது. "ஒரு காது கேட்குதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்" என்கிறார்.

ஆறாம் மாத ஊசிக்குப் போனபோது மருத்துவமாது கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காது பரிசோதனையைத் திரும்பச் செய்தீர்களா என்று கேட்டிருக்கிறார். திரும்பச் செய்ததில் இந்த முறை இரண்டு காதும் ரெஃபர். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பையும் பார்க்கும் ஏபிஆர் என்ற பரிசோதனைக்கு அரச வைத்தியசாலையில் ஆறு வாரம் கழித்துத் திகதி கிடைத்திருக்கிறது. பிள்ளை நித்திரை கொள்ளாவிட்டால் மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் மாமி சம்மதிக்கவில்லை. கடற்கரைப் பக்கம், ரயில் பாதைக்கு ஒரு ஒழுங்கை தள்ளி, தொடர்மாடியில் மூன்றாம் மாடி. ரயில் போகும்போதெல்லாம் பிள்ளை திடுக்கிட்டு எழும்புகிறாளாம். "இவளுக்கா காது கேளாது?" என்று மாமி கேட்கிறார். "ங்கா, ஊ என்று நாள் முழுக்கக் கத்துகிறாளே. என் மகனும் மூன்று வயதில்தான் கதைத்தவன். இரண்டு வயது வரை பார்ப்போம்." இதற்கிடையில் உள்ளி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாரத்துக்கு இரண்டு தரம் காதில் விடப்படுகிறது. கணவனும் மனைவியும் சொந்தத்துக்குள் கட்டியவர்கள். கணவர், தாய்மாமன் மகன். பெரிய மாமாவின் மகள் ஒருவர் வாய் பேசமாட்டார் என்பதைக் குடும்பத்தில் யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. கர்ப்பமாக இருந்தபோது வந்த காய்ச்சலா, இரவு முழுக்க இயர்போன் போட்டுப் பாட்டுக் கேட்டதா, எது காரணம் என்று அந்தத் தாய் தன்னையே குடைந்துகொண்டிருக்கிறார். மருந்து கொடுத்துச் செய்வது ஆபத்தா, இப்போதே காது கேட்கும் மெஷின் போட்டால் காது அதற்கே பழகிவிடாதா, பேச்சுப் பயிற்சிக்கு வசதி என்பதால் வீட்டில் இங்கிலிஷில் மட்டும் கதைக்கத் தொடங்கட்டுமா என்பவை அவருடைய மற்றக் கேள்விகள்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்னால் போய் நின்றால் சிரிக்கிறாள்." எழுதிவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் கதைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். தாய்மார் இப்படி எழுதும்போது பெரும்பாலும் ஒன்றைக் கவனித்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

முதலில் அவசரமான பதில். இரண்டு வயது வரை பார்க்கலாமா என்றால், வேண்டாம். ஆறு வாரம் பொறுக்கலாமா என்றால், பொறுக்கலாம், அதற்கு முன் முடிந்தால் இன்னும் நல்லது. காது பரிசோதிக்கும் எங்கள் துறையில் 1-3-6 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் என்ன குறை, எவ்வளவு என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ கருவியோ தொடங்கியிருக்க வேண்டும். இது சும்மா போட்ட கணக்கில்லை. அமெரிக்காவில் கொலராடோவில் கிறிஸ்டின் யொஷினாகா-இட்டானோவும் கூட்டாளிகளும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளின் மொழி வளர்ச்சி, பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளைவிடத் தெளிவாக மேலே இருந்தது. செவிப்புலன் குறை கூடவோ குறையவோ, வித்தியாசம் இருந்தது. நீங்கள் அந்தக் கோட்டைச் சற்றுத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் மகள் ஆறு வாரம் முந்திப் பிறந்தவள் என்பதால் வளர்ச்சியைப் பார்க்கும்போது அவளை ஐந்தரை மாதப் பிள்ளையாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஆனால் காதின் விசயத்தில் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டு இன்னும் பிந்தக் கூடாது.

அடுத்தது, ரெஃபர் என்ற சொல். அதைச் 'செவிடு' என்று மொழிபெயர்த்து நீங்கள் மூன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. 'மேலும் பரிசோதிக்க வேண்டும்' என்பதுதான் அதன் பொருள். காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு உறுப்பு இருக்கிறது, கொக்லியா. அதிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் நன்றாக வேலை செய்தால், சத்தம் கேட்டவுடன் அவையே ஒரு மிக மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் 1978இல் இதைக் கண்டறிந்தார். உங்கள் பிள்ளையின் காதில் வைத்த குழாய் தேடியது அந்த எதிரொலியைத்தான். பரிசோதனையின் பெயர் ஓஏஈ. எதிரொலி கிடைக்காவிட்டால் 'ரெஃபர்' என்று காட்டும். எதிரொலி வராமலிருக்க உள்காதில் குறை இருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் சளிநீர் தேங்கியிருக்கலாம். காதுக்குடுமி அடைத்திருக்கலாம். பிள்ளை வீறிட்டு அழுதிருக்கலாம். மாமியின் எண்ணெய்கூட இருக்கலாம். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு பிள்ளையின் காதிலிருந்து குழாயை வெளியே எடுத்தபோது நுனியில் எண்ணெய் மினுங்கியது, அறை முழுக்க உள்ளி வாசம். அன்றைய முடிவைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். ஆகவே எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். காதுக்குள் ஊதுவது, பட்ஸ் விடுவது, எல்லாவற்றையும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓஏஈ கொக்லியா வரைதான் பார்க்கும். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கோளாறு இருந்தால் அதற்குத் தெரியாது. அதனால்தான் குறைமாதப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனையே ஏபிஆராக இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படிப் பல நாள் இருந்த ஒரு ஆண் பிள்ளைக்கு ஓஏஈயை மட்டும் பார்த்துவிட்டு "பாஸ், கவலைப்படாதீங்கோ" என்று தகப்பனிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டு வயது தாண்டி வேறொரு இடத்தில் நரம்பில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டு வருசமும் வீட்டில் பெரியவர்கள் சந்தேகப்பட்டபோதெல்லாம் தகப்பன் என்னுடைய துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து 'பாஸ்' என்ற சொல்லை நான் கொஞ்சம் பயந்துதான் எழுதுகிறேன்.

ரயில் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

மாமி பொய் சொல்லவில்லை. பிள்ளை உண்மையாகவே எழும்புகிறாள். ஆனால் உங்கள் வீட்டில் ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும்தானே? கட்டில் கால் வழியாக அந்த அதிர்வு பிள்ளையின் முதுகுக்கு வரும். ரயிலின் இரைச்சல் பெரும்பாலும் கட்டையான, கீழ்ஸ்தாயிச் சத்தம். பாதைக்குப் பக்கத்தில் 80 டெசிபலைத் தாண்டும். நாம் சாதாரணமாகக் கதைப்பது 60 அளவில், கிசுகிசுப்பு 30 அளவில். ரயிலுக்கு எழும்பும் பிள்ளைக்கு நீங்கள் காதோரம் பாடும் தாலாட்டு கேட்காமலிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தட்டில் கரண்டியால் அடித்துப் பார்ப்பதும் இப்படித்தான். கை ஓங்குவது கண்ணில் படும், காற்று முகத்தில் படும்.

ஒன்றுமே கேளாத பிள்ளைகள் குறைவு. கொஞ்சம் கேட்டு, மிச்சம் கேளாத பிள்ளைகள்தான் கூட. இதைத் தமிழ் வைத்தே விளங்கப்படுத்தலாம். 'பால்', 'கால்', 'வால்' மூன்றிலும் நடுவிலுள்ள 'ஆ' பலமான சத்தம். முன்னாலுள்ள எழுத்துத்தான் மெல்லியது. பாதி கேட்கும் பிள்ளைக்கு மூன்றும் ஒரே 'ஆ'. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்பதில் ஆணா, பெண்ணா, மரியாதையா என்பது கடைசி ஒற்றெழுத்தில் தொங்குகிறது, நாமோ அதை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவோம். சிறிய செவிப்புலன் குறை உள்ள பிள்ளைகள் நாலு வயதில் அப்பம்மாவை "வந்தான்" என்று சொல்லிப் பேச்சு வாங்குவது இதனால்தான். கதவு தட்டினால் திரும்பும், டிவி பாட்டுக்கு ஆடும், ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. "பிடிவாதம்" என்று பெயர் வைத்துவிடுவோம்.

"நாள் முழுக்கக் கத்துகிறாள்" என்பதும் கேட்கிறது என்பதற்குச் சான்றாகாது. முற்றாகக் கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் ங்கா சொல்லும், சிரிக்கும், கத்தும். கேட்கும் பிள்ளை தன் சத்தத்தைத் தானே கேட்டு ரசித்து ஏழாம் எட்டாம் மாதமளவில் 'பபப', 'மமம', 'தததா' என்று எழுத்துச் சேர்த்து அடுக்கத் தொடங்கும். கேளாத பிள்ளையிடம் அந்த அடுக்கு வராது, அல்லது மிகவும் பிந்தும். உங்கள் மகளுக்கு அந்த வயது இன்னும் சரியாக வரவில்லை.

மகன் மூன்று வயதில் கதைத்த கதைக்கு வருவோம். உங்கள் கணவருக்கு எப்போதாவது காது பரிசோதித்தார்களா? போனில் ஒரு பக்கம் மட்டும் வைத்துத்தான் கதைப்பாரா? இதை மாமியிடம் சண்டைக்குக் கேட்க வேண்டாம். நான் உண்மையாகவே அறிய விரும்பும் விசயம் இது.

யாருடைய பிழை?

இயர்போனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். காய்ச்சல், எது என்பதைப் பொறுத்தது. ருபெல்லா ஒரு காலத்தில் பிள்ளைகளின் செவிப்புலனைப் பறித்த பெரிய நோய். இலங்கையில் 1996இல் ருபெல்லா ஊசி தொடங்கியது. 2020இல் மணல்வாரியோடு ருபெல்லாவையும் ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் எங்களை அறிவித்தது. உங்கள் பாடசாலை ஊசிப் பதிவு இருந்தால் அந்தப் பயமும் போய்விடும். சைட்டோமெகலோ வைரஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அது வயிற்றில் தொற்றியதா என்று உறுதியாகச் சொல்லப் பிறந்து மூன்று வாரத்துக்குள் சலத்தையோ எச்சிலையோ பார்த்திருக்க வேண்டும், இப்போது அதன் பின்னால் ஓடுவதில் பெரிய பயன் இல்லை.

ஜென்டமைசின் அரிதாகக் கொக்லியாவைத் தாக்கும், உண்மை. ஆனால் 34 வாரத்துப் பிள்ளைக்கு இரத்தத்தில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. அந்த இரவில் நானாக இருந்தாலும் போடச் சொல்லியிருப்பேன். மஞ்சளுக்கு லைட்டில் மட்டும் வைத்தது பெரிய ஆபத்துக் காரணி இல்லை. இரத்தம் மாற்றும் அளவுக்குக் கூடியிருந்தால் கதை வேறு.

பெரிய மாமாவின் மகளை மறைக்க வேண்டாம். பிறவிச் செவிப்புலன் குறையில் பாதிக்கு மேல் மரபணுவால் வருவது. கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தாயிடமும் தகப்பனிடமும் ஒரே மரபணுவின் குறையுள்ள பிரதி ஒவ்வொன்று இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் பிள்ளையில் சேரும்போதுதான் வெளிப்படும், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. கொனெக்சின் 26 என்ற மரபணு இதில் பெயர்போனது. சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே பிரதி இரு பக்கமும் இருக்கக்கூடிய வாய்ப்புக் கூடுகிறது. இது உங்கள் குடும்பத்தின் மானப்பிரச்சினை இல்லை, வைத்தியருக்குத் தேவையான தகவல். அடுத்த பிள்ளை பற்றி யோசிக்கும் காலத்தில் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் ஆலோசனை கேட்கலாம்.

ஏபிஆரும் தூக்க மருந்தும்

நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சின்ன ஒட்டுப் பொட்டுகள் ஒட்டுவோம், காதில் சத்தம் கொடுப்போம், நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகும் மின்னலைகளைக் கணினி எழுதும். சிலர் இதைப் பேரா என்பார்கள். வலி இல்லை, மின்சாரம் பிள்ளைக்குள் போவதும் இல்லை. எந்தக் காதில், எந்தச் சுருதியில், எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று இது ஏறக்குறையச் சொல்லிவிடும். பிள்ளை அசையக் கூடாது, அதனால்தான் நித்திரை வேண்டும். ஒன்று இரண்டு மணித்தியாலம் போகலாம்.

மருந்து கொடுப்பதற்கு முன் இயற்கை நித்திரையில் ஒரு தரம் முயன்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஏழு மாதத்தில் கஷ்டம்தான், ஆனால் முடியாததில்லை. அன்று காலை வழக்கத்தைவிட முந்தி எழுப்பி, பகல் நித்திரையை மறித்து, ஆட்டோவில் கண்ணயர விடாமல் கூட்டிவந்து, பரிசோதனை அறையில் பொட்டெல்லாம் ஒட்டியபிறகு பால் கொடுத்தால் பல பிள்ளைகள் மடியிலேயே சாய்ந்துவிடும். மருந்து கொடுப்பதானால் நடைமுறை தலைகீழ்: வெறும் வயிறாக இருக்க வேண்டும், எத்தனை மணித்தியாலம் என்று அவர்கள் சொல்வார்கள். ஆகவே எந்த வழி என்பதை முதல் நாளே போனில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பால் கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பும் கொடுமையை நான் மாதம் ஒரு தரமாவது பார்க்கிறேன்.

மருந்து ஆபத்தா? வைத்தியசாலையில், நிறை பார்த்து அளந்து, விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவி போட்டு, பக்கத்தில் தெரிந்தவர் இருந்து, முழுதாக எழும்பும்வரை கவனித்தால் ஆபத்து மிகக் குறைவு. "வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவாருங்கள்" என்று எந்த இடத்திலாவது சொன்னால் அந்த இடம் வேண்டாம். கார் சீட்டில் தலை கவிழ்ந்து மூச்சு அடைபடலாம். குறைமாதத்தில் பிறந்தவள், மூச்சு நின்று நின்று வந்ததுண்டா, குறட்டை உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லுங்கள். தடிமனோ காய்ச்சலோ இருந்தால் போன் பண்ணித் திகதியை மாற்றுங்கள், ஆனால் புதிய திகதியை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

அதே நாளில் டிம்பனோமெட்ரி என்ற சின்னப் பரிசோதனையும் செய்வார்கள், நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்க. நீர் மட்டும்தான் காரணம் என்றால், பெரும்பாலும் மூன்று மாதம் பொறுத்துத் திரும்பப் பார்ப்போம், பலருக்குத் தானாக வற்றும். ஒரு நிமிடத்தில் முடியும் வேலை, கேட்டுச் செய்வியுங்கள்.

ஆறு வாரமா, தனியார் நிலையத்தில் அடுத்த கிழமையா? காசு கையில் இருந்தால் தனியாரில் செய்யலாம், பிழையில்லை. கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். அந்தக் காசு பின்னால் தேவைப்படக்கூடும். எதுவானாலும் அரச வைத்தியசாலைத் திகதியை வெட்டாதீர்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே போன்ற அரச வைத்தியசாலைகளில் காது மூக்கு தொண்டை நிபுணர், குழந்தை நல வைத்தியர் எல்லோரும் ஒரே கூரைக்குள் இருப்பதால் தொடர்ந்து பார்ப்பது இலகு. யாராவது திகதியை விட்டால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று கிளினிக் மிஸ்ஸியிடம் நம்பரைக் கொடுத்து வையுங்கள், வெட்கப்படாமல் வாரம் ஒரு தரம் கேளுங்கள். எங்கே செய்தாலும் "கொஞ்சம் குறை இருக்கு" என்ற வாய்ச்சொல்லோடு வரக் கூடாது. வரைபடத்தோடு எழுத்து அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு நிபுணரிடம் காட்டிக் கேட்பதும் உங்கள் உரிமை, யாரும் கோபிக்கத் தேவையில்லை.

மெஷின் போட்டால் காது சோம்பல்படுமா?

இல்லை. நேர்மாறாகத்தான் நடக்கிறது. சத்தம் வராமல் கிடந்தால் மூளையில் கேட்பதற்கென்று உள்ள பகுதியைப் பார்வை போன்ற மற்ற வேலைகள் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். சத்திரசிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கொக்லியர் இம்பிளான்ட் என்ற கருவியை வைத்த பிள்ளைகளில் மூன்றரை வயதுக்கு முன் வைத்தவர்களின் மூளை சத்தத்துக்கு நன்றாகப் பழகுகிறது, ஏழு வயதுக்குப் பின் வைத்தவர்களுக்கு அது மிகவும் கடினம். மாமியின் 'இரண்டு வயது வரை' என்பதில் என்ன போகிறது என்று கேட்டால், இதுதான் போகிறது.

ஆனால் ஏபிஆர் செய்யாமல் மெஷின் வாங்கவே கூடாது. பெட்டாவிலோ ஒன்லைனிலோ மலிவாகக் கிடைப்பது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரிக் கூட்டும் பெருக்கி. குழந்தையின் காதுக் குழாய் சின்னது. பெரியவர் காதில் அளவாக இருக்கும் சத்தம் அந்தச் சின்ன இடத்தில் இன்னும் பலமாக இருக்கும். அளந்து, பிள்ளைக்கென்று செட் பண்ண வேண்டும். வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் வருசத்தில் காது வேகமாக வளரும், மெஷினைக் காதில் பொருத்தும் அச்சுச் சிறிதாகி 'கீ' என்று விசில் அடிக்கத் தொடங்கும், சில மாதத்துக்கு ஒரு தரம் புது அச்சு எடுக்க வேண்டும். பிள்ளை பிடுங்கி வாயில் வைப்பாள். பற்றரி மூடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பட்டன் பற்றரியை விழுங்கினால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள், தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே எரித்துவிடும். உங்கள் வீட்டுக்குக் கடற்காற்று வேறு. இரவில் சிலிக்கா ஜெல் பக்கற் போட்ட மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் மெஷின் அடிக்கடி பழுதாகும்.

முடிவு எப்படி வரலாம்? சிறியதோ நடுத்தரமோ என்றால் மெஷினும் பயிற்சியும் போதும். மிகக் கடுமையானது என்றால் சில மாதம் மெஷின் போட்டுப் பார்த்து, பிறகு இம்பிளான்ட் பற்றிக் கதைப்பார்கள். அதை ஒரு வயதளவில் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இம்பிளான்ட் வைத்த அன்றே பிள்ளை கேட்டுக் கதைக்காது, வருசக்கணக்கில் பயிற்சி வேண்டும். சைகை மொழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பேச்சை மறிப்பதில்லை. கேளாத பிள்ளைகளுக்கென்று இரத்மலானையில் 1912இல் தொடங்கிய பாடசாலையும், தமிழில் கற்பிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையும் இருக்கின்றன. ஆனால் அதெல்லாம் மிகவும் பின்னால் வரும் யோசனை. நல்ல நேரத்தில் தொடங்கிய பல பிள்ளைகள் சாதாரண நேர்சரிக்குத்தான் போகிறார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, குறையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியை மறுக்க முடியாது. கருவிக்கு உதவி வேண்டுமென்றால் அறிக்கையோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

மொழி பற்றி: இங்கிலிஷுக்கு மாறாதீர்கள். தமிழில் பயிற்சி கொடுப்பவர் கொழும்பில் இலகுவாகக் கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பயிற்சியாளர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம், நீங்கள் நாள் முழுக்க. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் ஏசவும் வருமோ அதில் கதையுங்கள். பக்கத்து வீட்டு அன்ரி சிங்களத்தில் கொஞ்சினால் கொஞ்சட்டும். இரண்டு மொழியால் பேச்சுப் பிந்தாது.

இந்த ஆறு வாரத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. முகத்தருகே, ஒரு முழ தூரத்தில், வெளிச்சத்தில் நின்று கதையுங்கள், பாடுங்கள். விருப்பமென்றால் ஒரு சின்ன அவதானிப்பும் செய்யலாம். ரயில் போய்க் கொஞ்ச நேரம் கழித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மாமியின் மடியில் பிள்ளையை இருத்துங்கள். மாமி முன்னால் ஒரு கரண்டியை மெதுவாக ஆட்டிக் கவனத்தைப் பிடிக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், நிழல் விழாமல், வாசனை பூசாமல் நின்று மெதுவாக 'ஊ', பிறகு 'ம்ம்', பிறகு 'ஸ்ஸ்' சொல்லுங்கள். எதற்குக் கண் அசைந்தது, எதற்கு அசையவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். இது பரிசோதனை இல்லை. பிள்ளை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஏபிஆருக்குப் போக வேண்டும். ஆனால் 'ஊ'வுக்குத் திரும்பி 'ஸ்ஸ்'க்குத் திரும்பாததை மாமி தன் கண்ணால் பார்த்தால், நான் இங்கே எழுதிய பாதி அவருக்குச் சொல்லாமலே விளங்கும். பரிசோதனை நாளில் அவரையும் கூட்டிப்போங்கள். பிள்ளையை நித்திரையாக்குவதில் உங்களைவிட அவர் கெட்டிக்காரியாக இருப்பார்.

குறைமாதப் பிரிவின் டயக்னோஸிஸ் கார்ட், ஊசிக் கொப்பி, இரண்டு ஓஏஈ முடிவுகள், எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். முதல் முடிவு தொலைந்துவிட்டதென்றால், பிள்ளை பிறந்த வைத்தியசாலையில் பதிவு இருக்கும், போய்க் கேளுங்கள். புதிய துண்டு கையில் கிடைத்தவுடன் போனில் ஒரு படம் எடுத்துக் கட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். இரண்டு இடத்தில் இருந்தால் தொலையாது.